சிக்கு விழாத சவுரி

என் பின்னலைப் பற்றி நானே பெருமையடித்துக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. எங்கள் வரிசையில் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஆங்கிலோ இந்தியர்கள். எல்லோருக்கும் கழுத்தோடு கத்தரித்த முடி. நடுவில் நான் ஒருத்தி மட்டும் பின்னலை முன்னால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்" சொல்லுவேன். எழுந்திருக்கும்போது அது நாற்காலியில் மாட்டிக்கொள்ளும். மாட்டாத நாளில் நானே மாட்டிவிடுவேன். நாலு பேர் பார்க்க வேண்டாமா?

கடவுளுக்கு இதெல்லாம் பிடிப்பதில்லை. டைபாய்டு வந்தது. இருபத்தோரு நாள் காய்ச்சல். முடியை எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். பிரேசர் டவுனில் குடியிருந்த என் அக்கா வந்து, கத்தரிக்கோலைத் தானே கையில் எடுத்தாள். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். அக்கா முதலில் பின்னலின் தலைப்பக்கத்தை வெள்ளை நூலால் இறுகக் கட்டினாள், பிறகு ஒரே வெட்டு. வெட்டும்போது அழுதாள். அந்த அழுகை நிஜம். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

"அழாதேடி" என்று தனக்கும் சேர்த்துச் சொன்னாள். "ஜீவனஹள்ளியில சவுரி கட்டுற அம்மா ஒருத்தி இருக்கா. இதையே சவுரியா கட்டிக் கொண்டாந்துடறேன். உன் முடி உன் தலைக்கே வரும்."

மூன்று மாதத்தில் சவுரி வந்தது. அப்போது என் தலையில் நெல்லிக்காய் அளவுக்குத்தான் ஒரு முடிச்சுப் போட முடியும். அதில் சவுரியை வைத்துப் பின்னி, ஏழெட்டு ஊசி குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன். பக்கத்து நாற்காலிக்காரி என்னைப் பார்த்து, "காட் ப்ராமிஸ், மேன், வளர்ந்துடுச்சா?" என்றாள். நான் கர்வமாக எழுந்து திரும்பிக் காட்டினேன்.

மத்தியானத்துக்குள் பின்கழுத்தில் குருவி கூடு கட்டிவிட்டது. அப்படி ஒரு சிக்கு. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரித்தேன். மறுநாளும் அப்படியே. தலைக்கு ஊற்றினால் இன்னும் மோசம். ஈரத்தில் அது தேங்காய் நாராகவே ஆகிவிடும். ஒரு நாள் அதில் ஒரு வெள்ளை முடி கண்டேன். எனக்கு வயது இருபத்திரண்டு. காய்ச்சல் வந்ததில் வெட்டிய முடிகூட நரைத்துவிட்டதென்று முடிவுகட்டி, "டைபாய்டு எனக்கு ஞானம் கொடுத்துவிட்டது" என்று எக்ஸ்சேஞ்சில் எல்லோரிடமும் அந்த முடியைக் காட்டினேன். இவ்வளவு புத்திசாலி நான்.

சந்தேகமே வரவில்லையா என்றால், வந்தது. கடையில் முடி என்று சொல்லி நாரைக் கலந்து விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாலு இழை பிடுங்கி அடுப்பில் காட்டினேன். பொசுங்கிச் சுருண்டது, முடி கருகும் நாற்றம் அடித்தது. சரி, சுத்தமான முடி என்று நிம்மதியாகிவிட்டேன். அக்காவிடம் சொன்னபோது, "காய்ச்சல்ல அடிபட்ட முடி அப்படித்தான் இருக்கும். எங்கிட்ட குடு, நானே அந்தம்மாகிட்ட சரிபண்ணிக் கொண்டாறேன்" என்றாள். கொண்டுபோவாள், எண்ணெய் தடவிக் கொண்டுவருவாள்.

அக்காவுக்கு இரண்டு பிரசவத்துக்குப் பிறகு முடி எலிவாலாகியிருந்தது. அந்த வருஷம் அவளும் ஒரு சவுரி வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். மெட்ராஸிலிருந்து யாரோ கொண்டுவந்தார்களாம். என்ன அழகான சவுரி அது. நுனியில் லேசாகச் செம்பட்டை ஓடி, காலையில் பின்னியது சாயங்காலம் வரை ஒரு இழை பிசகாமல் தொங்கும். கல்யாண வீடுகளில் அவள் பின்னால் உட்கார்ந்து நான் பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கித் தாயேன்க்கா" என்று கேட்டுக்கூட இருக்கிறேன்.

"பார்க்கலாம்" என்றாள்.

எட்டு மாதம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவிடம் சொல்லாமல், சவுரியைப் பையில் போட்டுக்கொண்டு ஜீவனஹள்ளிக்கு நானே போனேன். சவுரிக்காரம்மா வாசலில் உட்கார்ந்து முடியை ஆணிச்சீப்பில் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அக்கா பேரைச் சொல்லி அவள் தொழிலைக் குறை சொல்ல ஆரம்பித்ததும், "குந்தும்மா" என்றாள். சவுரியை வாங்கி ஒரு இழையை உருவி, என் விரலுக்கு நடுவில் வைத்தாள்.

"மேலேந்து கீழ தடவு. எப்படி கீது?"

"வழவழன்னு போகுது."

"இப்ப கீழேந்து மேல."

சொரசொரவென்று தடுத்தது.

"அதாம்மா முடி. அடிலேந்து நுனிக்குப் போனா வழுக்கும், எதிர்ல போனா பிடிக்கும். ஒரே வெட்டுல வெட்டுன முடின்னா எல்லாத்துக்கும் அடி ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம். சிக்கே விழாது. இது சீப்புல உதிர்ந்ததை வருஷக்கணக்கா டப்பாவுல சேர்த்தது. அடி எது நுனி எதுன்னு தெரியாம கலந்து கீது. ஒண்ணை ஒண்ணு பிடிச்சிக்கும்."

"நெருப்புல காட்டிப் பார்த்தேனே, முடிதானேன்னு..."

"முடியான்னு பார்த்தே. எந்த முடின்னு பார்த்தியா?" என்று சிரித்தாள். "டப்பா முடிக்கு வேற எப்படிம்மா கட்டுறது. உங்க அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேனே. அந்த வெள்ளை நூல் கட்டுன பின்னல் இருந்துச்சே, அது முடி. அதை அவங்க தலைக்கு அளவெடுத்து ஒரு சாண் குறைச்சுக் கட்டினேன். அதுல சிக்கு விழுந்தா வந்து கேளு."

எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு எப்போதும் அதுதான் வரும். என் முடி, நான் போகாத விசேஷங்களுக்கெல்லாம் போய் வந்திருக்கிறது. நான் எட்டு மாதமாக அக்காவின் சீப்புக் குப்பையைத் தலையில் சுமந்துகொண்டு, அவளுடைய நரையை என் ஞானம் என்று ஊருக்குக் காட்டியிருக்கிறேன்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். அலசிய சவுரி கொடியில் தொங்கியது. நான் அதில் ஒரு கொத்தைப் பிடித்துக் கீழ்நோக்கித் தடவினேன், மேல்நோக்கித் தடவினேன். கீழே போகையில் அத்தனை இழையும் வழுக்கின, மேலே போகையில் அத்தனையும் பிடித்தன. அக்கா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா?"

"முடிதான் சொல்லிச்சு."

அக்கா ஈரத் தலையைத் துண்டில் முடிந்துகொண்டாள். பிறகு, "உனக்கு முளைக்கும்டி. எனக்கு இனிமே முளைக்காது" என்றாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"குடுத்திருக்க மாட்டே."

அவள் சொன்னது உண்மை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் முடியைக் கொடியிலிருந்து எடுத்து, ஈரத்தோடு பையில் போட்டுக்கொண்டு, டப்பா முடிச் சவுரியை அவள் மடியில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று வைத்துப் பார்த்தேன். காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு முளைத்த முடி சுருட்டை. அதன் அடியில் என் பழைய முடி, நேராக, ஒரு சாண் குட்டையாக, அக்காவின் எண்ணெய் வாசனையோடு தொங்கியது. பார்க்கிறவர்கள் யாருக்கும் அது இரவல் என்றுதான் தோன்றும். கழற்றிப் பெட்டியில் வைத்தேன். எக்ஸ்சேஞ்சில் சுருட்டையோடு போய் உட்கார்ந்தேன். "இப்பதான் நம்ம ஆளு ஆனே" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

அம்மா மூலமாக அக்கா ஒரு தடவை கேட்டனுப்பினாள்: அதை நீ வைத்துக்கொள்வதில்லையாமே, சும்மாதானே கிடக்கிறது, தரலாமே என்று. தரவில்லை. நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

தை மாதம் ஒரு கல்யாணத்தில் அக்கா எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டப்பா முடிச் சவுரி. தாலி கட்டுவதற்குள் அவள் பின்கழுத்தில் குருவி கூடு கட்ட ஆரம்பித்துவிட்டது. அவளுக்குத் தெரியாது, முதுகில் நடப்பது யாருக்குத் தெரியும். அந்தச் சிக்கை எங்கே பிடித்து, எந்தப் பக்கம் இழுத்தால் பிரியும் என்று அந்த மண்டபத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எட்டு மாதப் பழக்கம். கை தானாக நீண்டது.

கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, கெட்டிமேளம் முடியும்வரை அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.