பிச்சமுத்து படிக்காத பி.ஏ.

துவாக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, காலேஜ் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கியிருக்கும் சந்துக்குள் திரும்பினால் முதல் கடை பிச்சமுத்துவுடையது. காலையில் இட்லி, பொங்கல். சாயங்காலம் தோசை. அவன் எனக்கு அண்ணன் மகன். கூடப் பிறந்த அண்ணன் இல்லை, என் பெரியம்மா மகன் ஆண்டியப்பன். ஆண்டியப்பனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் முசிறியில் வாக்கப்பட்டாள், நடுவில் உள்ளவன் திருப்பூர் போய்விட்டான், கடைசிப் பிள்ளை இவன்.

ஊரில் அவனைப் பிச்சமுத்து என்று யாரும் கூப்பிடுவதில்லை. பெரியவர்களுக்கு அவன் பி.ஏ. சார், பிள்ளைகளுக்கு பி.ஏ. அண்ணா. அவன் படித்ததோ பத்தாவது. அதிலும் பெயில்.

பிறந்த ஊர் பெருகமணி, அப்பா ஆண்டியப்பன். இரண்டையும் இனிஷியலாக வைத்து பி.ஏ. பிச்சமுத்து என்று எழுதுவான். அதில் ஒரு குற்றமும் இல்லை. கடை போட்டபோது போர்டு எழுத மன்னார்புரத்திலிருந்து ஒரு பெயிண்டரைக் கூட்டி வந்தான். அந்த ஆள் பிச்சமுத்து என்று கொட்டை எழுத்தில் எழுதி முடித்த பிறகுதான் இனிஷியலை விட்டுவிட்டதைக் கவனித்தார். முன்னால் இடம் இல்லை. பின்னால் கொஞ்சம் இருந்தது. அங்கே சேர்த்துவிட்டார்.

"என்னண்ணே இது, இனிஷியல் வாலு மாதிரி பின்னாடி தொங்குது?" என்றான் பிச்சமுத்து.

"முன்னாடி இருந்தா என்ன, பின்னாடி இருந்தா என்னங்க? எழுத்து அதேதானே" என்று சொல்லிவிட்டு அவர் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இங்கிலீஷில் ஊர்ப் பெயருக்கு வரும் பி வேறு, படிப்புக்கு வரும் பி வேறு என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பி தான். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் திருவெறும்பூர் அமிர்தராஜ். பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது ரிட்டையர் ஆகிவிட்டார். போர்டை அண்ணாந்து பார்த்தவர் எழுந்து நின்று கை கொடுத்தாராம்.

"பி.ஏ. படிச்சிட்டு இட்லிக் கடையா? உழைப்புக்கு வெக்கமில்லைன்னு காட்டிட்டீங்க சார்!"

பிச்சமுத்துவைப் பிறந்த நாளிலிருந்து யாரும் சார் என்று சொன்னதில்லை. இல்லைங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "சட்னி போடட்டுமா?" என்றுதான் வந்தது.

அதே போர்டைப் பார்த்துத்தான் ஸ்ரீரங்கம் வள்ளிக்கண்ணுவும் தன் தங்கை வீரம்மாளை இவனுக்குக் கொடுத்தார். வாழை இலை வியாபாரி. கடைக்கு இலை போட வந்தவர் மாப்பிள்ளையே பார்த்துவிட்டார். கல்யாணப் பத்திரிகையில் 'பிச்சமுத்து பி.ஏ.' என்று தங்க எழுத்தில் அடித்தார்கள். நான் பதறிப்போய் ஆண்டியப்பனைக் கேட்டேன். "இனிஷியலைத்தானே போட்டிருக்காங்க" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

வீரம்மாள் பன்னிரண்டாவது முடித்தவள். கல்யாணம் ஆன புதிதில், "பி.ஏ.வுல என்ன பாடம் படிச்சீங்க?" என்று கேட்டாளாம். "எல்லாப் பாடமும்தான்" என்றிருக்கிறான். அதோடு அவளுக்கு விளங்கிவிட்டது. வெளியே சொல்லவில்லை.

இந்தப் பொய்ப் பட்டத்தை அவன் சும்மா வைத்திருக்கவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் முதல் வருஷத்தில் பரீட்சையில் கோட்டை விட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடும். பஸ் ஏற இவன் கடை வழியாகத்தான் போக வேண்டும். மணப்பாறைப் பக்கத்துப் பெண் பெலிண்டா அப்படித்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஊருக்குண்ணா. மூணு அரியர். எனக்கு இந்தப் படிப்பெல்லாம் ஒத்து வராது."

"மூணுதானா? உக்காரு, பொங்கல் சாப்பிடு. நான் பி.ஏ. இல்ல? எனக்கும் மூணு அரியர் இருந்துச்சு. இப்ப என்ன, செத்தா போயிட்டேன்?"

அவள் பொங்கல் சாப்பிட்டு முடிப்பதற்குள் மணப்பாறை பஸ் போய்விட்டது. இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். இப்படி அவன் தடுத்து உட்கார வைத்த பிள்ளைகள் நிறைய. யாருக்காவது மனு எழுத வேண்டும் என்றால் பி.ஏ. சாரிடம் வருவார்கள். அவன் அதை வாங்கி உள்ளே கொண்டுபோய், சாப்பிடுகிற பிள்ளை யாரிடமாவது கொடுத்து எழுதி வாங்கி, நெய் ரோஸ்ட் ஒன்றை இலவசமாகப் போட்டுவிடுவான்.

வினை அவன் மகள் ஜோதி மூலமாக வந்தது. கெட்டிக்காரி. கவுன்சலிங்கில் திருச்சியிலேயே நல்ல இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப் பிறந்தவர் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் 'முதல் பட்டதாரி' என்று சான்றிதழ் கொடுப்பார்கள். படிப்புச் செலவில் சலுகை உண்டு. அது கிடைத்தால்தான் ஜோதி அந்தக் காலேஜில் சேர முடியும், இட்லிக் கடை வருமானம் அவ்வளவுதான். இ-சேவையில் பதிந்துவிட்டு வந்தார்கள்.

விசாரிக்க வி.ஏ.ஓ. நேரிலேயே வந்தார். ஹாஜிரா என்று பெயர், சின்ன வயது. அந்த நேரம் பார்த்துப் பிச்சமுத்து கேஸ் சிலிண்டருக்குப் போயிருந்தான். வீரம்மாள் உள்ளே மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பிச்சமுத்துங்கிறவர் எப்படிங்க?" என்று ஹாஜிரா கேட்டதும், நல்லவனா கெட்டவனா என்று விசாரிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு ஆளாளுக்கு முந்திக்கொண்டார்கள்.

"எங்க பி.ஏ. சாரா? தங்கம் மேடம்!"

"படிச்ச படிப்புக்கு ஆபீஸ்ல உக்கார வேண்டியவர். இங்க நின்னு எங்களுக்கு இட்லி ஊத்துறார்" என்றார் அமிர்தராஜ்.

ஹாஜிரா போர்டை நிமிர்ந்து பார்த்தார். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மறுநாள் பிச்சமுத்து அவர் ஆபீஸுக்கு ஓடினான். பத்தாவது பெயிலான மார்க் ஷீட்டை நீட்டினான்.

"சரிங்க, அப்ப பெயில். அப்புறம் தபால்ல படிச்சிருக்கலாமே? ஊரே சொல்லுதே?"

"படிச்சதுக்கு சர்ட்டிபிகேட் கேட்டீங்கன்னா காட்டலாம் மேடம். படிக்காததுக்கு எங்க போய் வாங்குறது?"

ஹாஜிராவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. "உங்களை பி.ஏ.ன்னு சொன்னாரே அந்தப் பெரியவர், அவரும் உங்க சொந்தத்துல ஒருத்தரும் நீங்க பட்டம் வாங்கலைன்னு எழுதிக் கொடுக்கட்டும். சனிக்கிழமை கடைக்கே வரேன். காலேஜ்ல சேர அதுக்கப்புறம் நாள் இல்லை, பாத்துக்கங்க."

பிச்சமுத்து நேராக அமிர்தராஜ் வீட்டுக்குப் போனான். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சார், உங்க மேல எவ்வளவு மரியாதை வெச்சிருக்கேன். சலுகைக்காகப் படிச்ச படிப்பையே இல்லைங்கிறீங்களே!"

"நெஜமாவே இல்லைங்க!"

"ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவன் நான். பொய்க் கையெழுத்து போட மாட்டேன்."

"நம்பலைன்னா இங்கிலீஷ் பேப்பரைக் கொடுங்க, படிக்கிறேன். அப்பத் தெரியும்."

அமிர்தராஜ் பேப்பரைக் கொடுத்தார். பிச்சமுத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வியர்த்து விறுவிறுத்து ஒரு வரி படித்தான். அமிர்தராஜ் கண் கலங்கிவிட்டார்.

"ஒரு தகப்பன் பிள்ளைக்காக இப்படியெல்லாமா நடிப்பான்!"

வீட்டுக்கு வந்து சொன்னபோது வீரம்மாள் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள். "இருவது வருஷம் சாரு சாருன்னு கூப்பிடுறப்ப இனிச்சுதுல்ல? அனுபவிங்க."

ஜோதி சிரிக்கவில்லை. "விடுங்கப்பா. எல்லார் முன்னாடியும் உங்களுக்கு அசிங்கம். நான் இந்த வருஷம் எங்கயாவது வேலைக்குப் போறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அந்த வார்த்தைதான் அவனைக் குத்தியது. ஊரார் பிள்ளைகள் அடுத்த வருஷம் என்று கிளம்பும்போதெல்லாம் வழிமறித்து உட்கார வைத்தவன் ஆயிற்றே. சட்டையை மாட்டிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, ஸ்ரீரங்கம் போய் இறங்கினான்.

உலகத்தில் அவன் பயப்படுகிற ஒரே ஆள் வள்ளிக்கண்ணு. தெற்கு வாசலில் இலைக்கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றான்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். நான் பி.ஏ. இல்லை."

வள்ளிக்கண்ணு இலைக்கட்டைக் கீழே வைத்தார். "தெரியும் மாப்ளே."

"தெரியுமா!"

"நெஜ பி.ஏ.வா இருந்தா இவ்வளவு நகை, இந்த வண்டின்னு கேட்டிருப்பான்ல? நீ வாயே திறக்கலை. சந்தேகப்பட்டு பெருகமணி போயி உன் பத்தாங்கிளாஸ் வாத்தியாரையே பாத்துட்டேன். 'அவனா? சமையல்ல கெட்டிக்காரன்'னாரு. போதும்னு கொடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன் மச்சான் ஊரெல்லாம் பி.ஏ. மாப்பிள்ளைன்னு சொன்னீங்க?"

"எனக்கும் ஒரு கெத்து வேணாமாய்யா?"

சனிக்கிழமை காலை கடை நிறையக் கூட்டம். நானும் போயிருந்தேன். வள்ளிக்கண்ணு குட்டியானை வண்டியில் இலைக்கட்டோடு வந்து இறங்கினார். ஹாஜிரா வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் பிச்சமுத்து அடுப்பை அணைத்தான். எல்லாரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். சத்தமாகச் சொன்னான்:

"நான் பி.ஏ. இல்லைங்க. பத்தாவது பெயில். போர்டுல இருக்கிறது இனிஷியல்."

மூலையில் ஒரு பையன், "காமெடி பண்ணாம தோசையைப் போடுங்கண்ணா" என்றான்.

"பொண்ணு கொடுத்தவன் சொல்றேன்" என்று எழுந்தார் வள்ளிக்கண்ணு. "இவன் பி.ஏ. இல்லை. தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

அமிர்தராஜ் அசையவில்லை. "மச்சான் மாப்பிள்ளையை விட்டுக் கொடுப்பாரா? எங்க தெருவுக்கு வடிகால் கேட்டு இவரு இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதிக் கொடுத்தாரு. ஒரு மாசத்துல வடிகால் வந்துச்சு. பத்தாவது பெயிலானவன் எழுதுற இங்கிலீஷா அது?"

பெலிண்டா தட்டோடு எழுந்து நின்றாள். "அங்கிள், அது நான் எழுதுனது."

"நீயா?"

"நெய் ரோஸ்ட்டுக்கு எழுதுனேன்."

"அதுல கடைசி வரி..."

"அதுவும் நான்தான் அங்கிள். மொதல் வரியும் நான்தான்."

அமிர்தராஜ் பிச்சமுத்துவைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், மறுபடி பிச்சமுத்துவைப் பார்த்தார். "அப்ப அன்னைக்கு எங்க வீட்டுல பேப்பர் படிச்சீங்களே, அது?"

"நெஜமாவே அவ்வளவுதாங்க வரும்."

கடையே வெடித்துச் சிரித்தது. கடைசியில் அமிர்தராஜும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பெலிண்டா மட்டும் முகத்தைக் கோணினாள்.

"அண்ணா, எனக்கும் மூணு அரியர்னு சொன்னீங்களே. அதை நம்பித்தான் நான் ஊருக்குப் போகலை. அதுவும் பொய்யா?"

"ஐயோ, அது சத்தியம்மா! பத்தாவதுல கணக்கு, இங்கிலீஷ், சயின்ஸ். மூணும் இன்னும் பாக்கி."

ஹாஜிரா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தாத்தா பாட்டி வகையில யாராச்சும் படிச்சவங்க உண்டாம்மா?"

அது என் பாடம். "இவன் அப்பன் ஆண்டியப்பன் அஞ்சாவது. ஆத்தாக்காரி பள்ளிக்கூடம் எந்தத் திசைன்னே அறியாதவ. வீரம்மா அப்பா கையெழுத்துப் போடுவார், அவங்கம்மா அதுவும் இல்லை. இன்னும் மேல போகட்டுமா தாயி?"

"போதும்மா, போதும்!" என்று கை எடுத்துக் கும்பிட்டார்.

சொந்தக்காரராக வள்ளிக்கண்ணு போட்டதும் அமிர்தராஜும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "பொய் சொன்னதுக்கு இன்னைக்குப் பொங்கலுக்குக் காசு கிடையாது" என்று வடையையும் எடுத்துக்கொண்டார்.

சான்றிதழ் வந்துவிட்டது. சேர்க்கை நாளன்று பிச்சமுத்து ஜோதியைக் கூட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனான். வரிசையில் முன்னும் பின்னும் இஸ்திரி மடிப்புச் சட்டைக்காரர்கள். மேஜையில் இருந்தவர் தலை நிமிராமல், "அப்பா படிப்பு?" என்றார்.

ஜோதி அப்பாவைப் பார்த்தாள்.

"பத்தாவது பெயில்ங்க" என்றான் பிச்சமுத்து. கடையில் ஆர்டர் சொல்லிப் பழகிய தொண்டை. வரிசைக் கடைசி வரைக்கும் கேட்டது.

அவனுக்குப் பின்னால், மகனோடு நின்றிருந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தோளைத் தொட்டார். அதுவரை யார் முகத்தையும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

"நானும்தாங்க" என்றார் மெதுவாக. "எந்தப் பாடம்?"

"மூணு. உங்களுக்கு?"

"கணக்கு மட்டும்."

"அட, அப்ப நீங்க நல்லாப் படிச்சவரு!"

பிள்ளைகள் இருவரும் உள்ளே போய்ப் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் அப்பாக்களைக் காணோம். கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு, தங்கள் பழைய கணக்கு வாத்தியார்கள் இரண்டு பேரையும் கிழித்துக்கொண்டிருந்தார்களாம். ஜோதி போய்க் கூப்பிட்டும் உடனே எழுந்து வரவில்லை என்று இன்னமும் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.