சாம்பலில் தடம் இல்லை

என் தங்கை ஜெயித்ததை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டக் கூடாது.

பிறந்தபோது அவள் எடை ஒன்றரைக் கிலோ. தேறாது என்று கைவிரித்தார்கள். தேறினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெண்களை மெஷின் பக்கமே அண்ட விடமாட்டார்கள். துணி பிழியும் பெரிய மெஷினை அங்கே ஓட்டிய முதல் பெண் அவள்தான். குடியிருப்புக்குப் பின்னால் செங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லுமாகக் கிடந்த இடத்தை, வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் சல்லடை போட்டுச் சலித்தே மண்ணாக்கினாள். அந்த மண்ணில் விளைந்த ராட்சதப் பூசணிக்குத் தோட்டக் கண்காட்சியில் மூன்று முறை முதல் பரிசு. இரண்டாம் பரிசு வாங்கிய பண்ணைக்காரரிடம் இரண்டு டிராக்டர் இருந்தன. இவளிடம் ஒரு மண்வெட்டி, ஒரு வாளி, ஒரு புருஷன்.

மாப்பிள்ளை அதே சலவைக்கூடத்தில் பாய்லருக்கு விறகு போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். பூசணிப் பைத்தியம் முதலில் அவருக்குத்தான் பிடித்தது, பிறகு அவளுக்குத் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு வருடமும் பரிசுக் காயிலிருந்து கனத்த விதைகளாகப் பொறுக்கிக் காயவைப்பார். ஒரு டப்பாவில் போட்டு, எலி எட்டாதபடி உத்தரத்தில் கம்பி கட்டித் தொங்கவிடுவார். அடுத்த வருடம் அந்த விதையிலிருந்து இன்னும் பெரிய காய் வரும். சந்தையில் கிடைக்கும் விதை இல்லை அது. அவர் கையால் பொறுக்கிப் பொறுக்கி உண்டானது.

அவ்வளவு பெரிய காய்க்கு எதிரி எலி. சுண்டெலி, வயல் எலி, பெருச்சாளி எல்லாமே. காய் தரையில் உட்கார்ந்திருக்கும், அதன் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாது. எலி மண்ணுக்குள் பொந்து பறித்து வந்து நேராக அடியில் துளை போட்டுவிடும். மேலே தோல் பளபளவென்று இருக்கும். காயைத் தூக்குகிற அன்றைக்குத்தான் விஷயம் தெரியும்.

"எலிக்குச் சதை மேல ஆசை இல்ல மச்சான், விதைதான் வேணும். அதுக்காக வழியில இருக்கிற சதையச் சாப்பிட்டுக்கிட்டே போகும்" என்பார் மாப்பிள்ளை.

அதனால் புருஷனும் பெண்டாட்டியும் காய்க்குக் கோட்டையே கட்டினார்கள். முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, சுண்டுவிரல் நுழையாத கம்பிவலையைப் பரப்பி, அதன்மேல் மணல் போடுவார்கள். மணல்மேல் தடித்த ரப்பர் விரிப்பு, அதன்மேல் காய். சுற்றிலும் இடுப்பு உயரத்துக்கு அதே வலை. பக்கத்தில் ஒரு புல்லை நிற்க விடமாட்டார்கள். வைக்கோல் கூடவே கூடாது, அது எலிக்கு மெத்தை. கடைசியாக, பாய்லர் சாம்பலைச் சலித்து மாவாக்கி, வலையைச் சுற்றி ஒரு பட்டையாகத் தூவி வைப்பார்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலை, அந்தச் சாம்பலில் யார் நடந்து போனது என்று குனிந்து பார்ப்பது. எலித் தடம் இருந்தால் அது வந்த பொந்தைத் தேடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள், பொறி வைப்பார்கள்.

"இது தவளை" என்பாள் அவள்.

"தவளைக்கு ஏது வாலு? கோடு தெரியுது பாரு."

"அது புழு போன கோடு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து பேசுங்க."

"கண்ணாடி போட்டா உன் மூஞ்சியும்தான் தெரியும். வேண்டாம்னுதான் கழட்டி வச்சிருக்கேன்."

மூன்றாவது முறை முதல் பரிசு வாங்கிய கையோடு மாப்பிள்ளை படுத்தார். நெஞ்சில் வலி என்றார். அவர் விறகு போட்ட பாய்லரின் வெந்நீரில் துவைத்த படுக்கைவிரிப்பில், அதே ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் யாரோ உத்தரத்திலிருந்த டப்பாவைக் கழற்றிக் கீழே வைத்திருக்கிறார்கள். எல்லாரும் போன பிறகு பார்த்தால் மூடி ஒரு பக்கம், எலி கொறித்துப் போட்ட உமி ஒரு பக்கம். முழுசாகக் கிடந்தவை ஏழு விதைகள்.

ஏழு விதையையும் நட்டாள். மூன்று முளைத்தன. இரண்டு வாடிப்போயின. மிஞ்சிய கொடியில் பூத்த பூவெல்லாம் உதிர்ந்து ஒரே ஒரு பிஞ்சு நின்றது.

நான் ஆறுதலாக, "இந்த வருஷமும் பரிசு உனக்குத்தான் பாரு" என்றேன்.

"பரிசு கிடக்குதுண்ணா. உள்ள விதை முத்தினாப் போதும். வருஷக்கணக்கா அவர் பொறுக்கினது. என் கைக்கு வந்து முடிஞ்சுபோச்சுன்னு ஆகிடக் கூடாது."

கண்காட்சிக்குப் பெயர் கொடுத்ததுகூட விதைக்காகத்தான். அங்கே எடை போட்டதும் காயை அங்கேயே வெட்டிச் சதையை வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, விதையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவது அவர்கள் பழக்கம். அவர் செய்த மாதிரியே செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ரப்பர் விரிப்பு மட்டும் வெடித்துப்போயிருந்தது. அதற்குப் பதிலாகச் சலவைக்கூடத்தின் பின்னறையில் எரிப்பதற்காகக் குவித்து வைத்திருந்த கழிவுக் கம்பளிகளில் நாலைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒன்றாக மடித்து ஓரம் தைத்து, மணல்மேல் மெத்தை மாதிரி போட்டாள். தூக்கும்போது அதையே தூளியாகப் பிடித்துத் தூக்கலாம் என்பதும் அவள் கணக்கு. பிஞ்சைப் பூப்போல அதன்மேல் வைத்து, சுற்றிலும் வலையை இழுத்துக் கட்டினாள். எலி நுழைய ஊசிமுனை இடம் இல்லை.

காய் வளர்ந்தது, அப்படி ஒரு வளர்ச்சி. வெயிலுக்குப் பழைய படுக்கைவிரிப்பால் பந்தல் போட்டாள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் எனக்கு ஃபோன் வரும்.

"அண்ணா, இன்னிக்கும் சாம்பல் சுத்தமா இருக்கு. ஒரு கால் தடம் இல்ல."

அவர் இருந்த காலத்தில்கூட வாரத்துக்கு ஒரு தடமாவது விழும். இவள் தனி ஆளாக இப்படிக் காக்கிறாளே என்று நான் போகிற இடமெல்லாம் பெருமையடித்தேன்.

கண்காட்சி அன்று லாரிக்காரர் வந்தார். எங்கேயும் நேரத்துக்கு வராதவர் என்பதால் அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். அன்றைக்கு மட்டும் விடிந்ததுமே வந்து நின்றார்.

காயைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா? நம்ம லாரியவிடக் கனமா இருக்கும் போலிருக்கே!" என்றார்.

"பேச்சக் குறைச்சுட்டு மூச்சப் பிடிங்க. கீழ போட்டீங்க, உங்களையும் சேர்த்து வெட்டிடுவேன்."

மாப்பிள்ளை போன பிறகு அவள் கேலி பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வலையை வெட்டி, கம்பளியின் நாலு மூலையிலும் கயிறு போட்டு, ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். வண்டித் தட்டில் இறக்கியபோது லேசாக ஒரு குலுக்கல். கம்பளி மடிப்பிலிருந்து ஒரு சுண்டெலி குதித்தது. பின்னாலேயே குட்டியாக இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

"அட, டிக்கெட் எடுக்காமக் குடும்பத்தோட ஏறியிருக்காங்க!" என்று லாரிக்காரர் சிரித்தார்.

தங்கை சிரிக்கவில்லை. காலியான பள்ளத்தையும், சுற்றிலும் தடமே இல்லாத சாம்பலையும் பார்த்தாள். பிறகு கம்பளியைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எலி வெளியிலிருந்து வரவே இல்லை. பின்னறைக் குவியலில் கம்பளி மடிப்புக்குள் குடியிருந்ததை அவளே தூக்கிவந்து, காய்க்கு அடியில் வைத்து, வெளியே போக வழியில்லாமல் வலை கட்டியிருக்கிறாள். சோறும் தண்ணீரும் தலைக்கு மேலேயே இருக்கும்போது அது எதற்குச் சாம்பலைத் தாண்டும்?

"இறக்கிடலாமா?" என்றேன்.

"இல்லண்ணா. போலாம். விதை இருந்தாலும் இருக்கும்."

வழியெல்லாம் காய்மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். லாரிக்காரர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை மெதுவாக்கினார்.

கண்காட்சியில் கம்பளியை உருவிக் காயைச் சாய்த்தார்கள். அடியில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. தராசுக்குப் பொறுப்பானவர் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி முழுக்க உள்ளே போனது.

"உள்ள வரைக்கும் போகுதும்மா. ஓட்டை விழுந்த காயை எடை போடக் கூடாது, விதி அப்படி. நல்ல காய். எனக்கே சங்கடமா இருக்கு."

"கத்தி குடுங்க" என்றாள்.

அவளே வெட்டினாள். பிளந்ததும் ஈரவாடை அடித்தது. இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். கை நிறைய வந்தது உமி. வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றும் ஓரத்தில் கொறித்துப் பருப்பு எடுக்கப்பட்ட உமி.

"ஒண்ணு ரெண்டாவது இருக்கும். ஓரமாத் தேடும்மா" என்று லாரிக்காரரும் மண்டி போட்டார். நாங்கள் மூன்று பேரும் நாரைப் பிழிந்து பிழிந்து தேடினோம். கொறிபடாததாகக் கொஞ்சம் கிடைத்தன. அவள் ஒரு வாளித் தண்ணீரில் அவற்றைப் போட்டாள். நல்ல விதை அமிழும், பொக்கு மிதக்கும். எல்லாம் மிதந்தன. ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தாள். விட்டதும் மேலே வந்துவிட்டது.

அவள் அழுவாள் என்று பக்கத்தில் போனேன். "அவர் இருந்திருந்தா கம்பளிய உதறிட்டுப் போட்டிருப்பாருண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

தராசுக்காரர் பதிவேட்டை எடுத்து வந்தார். காயைப் போட்டியிலிருந்து விலக்கியதை வளர்த்தவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டுமாம். போன வருடங்களில் அதில் கையெழுத்துப் போட்டது மாப்பிள்ளை. இவளுக்குச் சம்பளம் வாங்குவது முதல் எல்லாவற்றுக்கும் கைநாட்டுதான். வெளுத்த துணியில் வார்டுப் பெயரை எழுத்தெழுத்தாகக் குறித்துக் குறித்து எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் பெயர் எழுது என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. தராசுக்காரரும் மைப்பெட்டியைத்தான் திறந்து நீட்டினார்.

"அவர் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டாள். புரட்டிக் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவர் எழுதின நோட்டுல நான் மைய அப்ப மாட்டேன். பேனா குடுங்க."

கையில் ஒட்டியிருந்த நாரைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். 'எலி துளைத்தது' என்று தராசுக்காரர் எழுதியிருந்ததற்கு நேராக, துணியில் குறிக்கிற மாதிரியே ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, தன் பெயரை எழுதினாள். முடித்துவிட்டு, தேதியும் போட வேண்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினாள்: 16 அக்டோபர் 2011.