தவக்காலத்தில் ஒப்படைத்த கோழிகள்

கிராஞ்சிப் பக்கம் இப்போது கோழிகளுக்குத் தங்கும் விடுதி வந்திருக்கிறது. மண் குளியலுக்குத் தனி இடம், மின்விசிறி, கோழி என்ன செய்கிறது என்று தோக்கியோவிலிருந்தே கைபேசியில் பார்ப்பதற்குக் கேமரா, எல்லாம் உண்டு. இடம் மட்டும் இல்லை. பள்ளி விடுமுறை என்பதால் எல்லாக் கூண்டுகளும் நிரம்பிவிட்டனவாம். ஆகவேதான் அடுக்குமாடியில் இல்லாமல் தரைவீட்டில் இருந்துகொண்டு கோழி வளர்க்கும் என் தங்கை மகள், ஜப்பான் போவதற்கு முன் என்னிடம் வந்தாள்.

நான் பணி ஓய்வு பெறும்வரை உரிமங்கள் வழங்கும் பிரிவில் இருந்தவன். எந்த வீட்டில் எத்தனை கோழி வளர்க்கலாம், கூண்டுக்கு எப்படிப்பட்ட வலை அடிக்க வேண்டும், புகார் வந்தால் முதலில் யார் வந்து கதவைத் தட்டுவார், எல்லாம் எனக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, நீங்க பாத்துக்குவீங்க, ஓகே. ஆனா சாப்பிட்டுட மாட்டீங்களே? ஜஸ்ட் செக்கிங் லா."

இரத்தக் கொதிப்புக்குப் பயந்து அவித்த காய்கறியைத் தின்றுகொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்கு அன்று மதியத் தூக்கம் போயிற்று. கோபத்தில் பாதிதான் அவள் மேல். அந்தக் கேள்வியை இன்னொருவரிடம் முதன்முதலில் கேட்டவன் நான்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. செம்பவாங்கில், கப்பல் பட்டறைக்காரர்களுக்கான வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அப்பா பட்டறைச் சாமான் கிடங்கில் எழுத்தர். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, தேக்காவில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். அவர்தான் ஒரு நாள் காகிதப் பெட்டியில் மூன்று கோழிக்குஞ்சுகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மூன்றும் பெட்டைகளாக வளர்ந்தன. ஒன்று கறுப்பி, ஒன்று செவலை. மூன்றாவதற்குக் கழுத்தில் ஒரு இறகுகூடக் கிடையாது. பார்க்கிறவர்கள் எல்லாரும் அதற்கு ஏதோ நோய் என்று நினைத்தார்கள். அது அந்த இனத்தின் லட்சணம் என்று நான் ஒவ்வொருவருக்கும் விளக்கவேண்டியிருந்தது. அதன் பெயர் மொட்டைக் கழுத்தி. என் கையில் மட்டும்தான் அது தீனி எடுக்கும்.

அந்த ஆண்டு பள்ளி விடுமுறைக்கு, ஈப்போவில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. எங்கள் குடும்பம் விடுமுறை என்று சொல்லி ஊரைவிட்டுக் கிளம்பியது அதுவே முதல் தடவை. எந்தப் பெட்டியில் எந்தச் சேலை என்பதுவரை பேசினார்கள். கோழிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான்தான் எழுப்பினேன்.

"தண்ணியும் நொய்யும் வச்சுட்டுப் போனா பத்தாதா?" என்றார் அப்பா.

சாக்கடை வழியே உடும்பு வருகிற வீட்டில் இருந்துகொண்டு ஒரு படித்த மனிதர் பேசுகிற பேச்சு.

மாமா உடனே முன்வந்தார். "அக்கா, எங்கிட்ட குடு லா. நான் பாத்துக்க மாட்டேனா?"

"நீ எப்படிடா பாத்துக்குவ?" என்றாள் அம்மா.

"மூனு வேளையும் பாத்துக்குவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த மூன்று கோழிகளையும் அவர் பார்க்கும்போது அவர் கண் இறகில் நிற்காது, தொடையில் நிற்கும். "வாங்கிக் குடுத்தவனே நான்தானடா, எனக்கு உரிமை இல்லையா?" என்று வேறு கேட்டார். கொடுத்த பொருளின்மேல் கொடுத்தவருக்கு உரிமை இல்லை என்கிற சட்டம் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. பேர்தான் தெரியாது.

நான் முறையாக யோசித்தேன். கோழி தின்னாதவர் வேண்டும். எங்கள் வரிசையில் அப்படி ஒருவரும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா குடும்பம் வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கர்கள், தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் நாற்பது நாளும் அந்த வீட்டில் இறைச்சி சேராது, மீன் மட்டும்தான். இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் நடுச்சுவர் மேலே திறந்தே இருக்கும், ஆகையால் இது எனக்கு மூக்கால் தெரிந்த உண்மை. நாங்கள் போவது தவக்காலத்தில். திரும்புவது ஈஸ்டருக்கு முன்னால். இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாட்டை இன்றைய கிராஞ்சி விடுதியும் தராது.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடம் கேட்டாள். அவர் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். "இதுக்குப் போயி கேக்கணுமா? கொண்டாந்து விடுங்க" என்றார். அதோடு முடிந்திருக்கும். எனக்கு உறுதி வேண்டியிருந்தது.

"பெரியம்மா, நீங்க சாப்பிட்டுட மாட்டீங்கல்ல?"

அவர் கை நின்றது. "இது தவக்காலம்டா தம்பி. இப்பப் போயி சாப்பிடுவேனா?"

"தெரியும் பெரியம்மா. அதனாலதான் உங்ககிட்ட குடுக்குறோம்."

அம்மா என் முதுகில் கிள்ளியது அந்த வீட்டுக்கே கேட்டிருக்கும். பெரியம்மா நெத்திலித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சரிடா பெரிய மனுசா. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் எங்க வீட்டுல கோழியே வெட்ட மாட்டோம். போதுமா?"

"சிலுவை போட்டுச் சொல்லுங்க."

மீன் கையோடு சிலுவை போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா காதைத் திருகினாள். "அதனாலதான் குடுக்குறோம்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவியாடா?" காரணத்தைச் சொல்லி ஒரு பொருளை ஒப்படைப்பதில் என்ன குற்றம் என்று அன்றும் எனக்கு விளங்கவில்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

ஈப்போவில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கிளம்பவேண்டிய நாளுக்கு முன்தினம்வரை. அன்று அத்தை அப்பாவிடம், "இவ்ளோ தூரம் வந்துட்டு பங்குனி உத்திரம் பாக்காம போவியாடா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிடங்கில் ஓர் ஆணியைக்கூடக் கையெழுத்து இல்லாமல் வெளியே விடாத என் அப்பா, அக்காவின் ஒரு சொட்டுக் கண்ணீருக்குப் பயண நாளையே தள்ளிவைத்தார்.

இங்கே ஒரு விவரம் சொல்லவேண்டும். பங்குனி உத்திரமும் ஈஸ்டரும் பெரும்பாலும் ஒரே முழுநிலவை ஒட்டித்தான் வரும். நாங்கள் உத்திரம் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர்களுக்கு ஈஸ்டர் முடிந்திருக்கும். இதை அங்கே உணர்ந்தவன் நான் ஒருவன்தான். அத்தை வீட்டுக் காலண்டரில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

"தவக்காலம் முடிஞ்சிடும்! தவக்காலம் முடிஞ்சிடும்!" என்று கத்தினேன்.

அத்தை திகைத்துப் போனார். "என்னடா இது, உன் பையன் வேதத்துல சேந்துட்டானா?"

"அது ஒன்னுமில்லக்கா. கோழிக்கு டிரங்க் கால் போடச் சொல்றான் உன் மருமவன்" என்றார் அப்பா. அந்த வீடே சிரித்தது. தொலைபேசி எங்கள் வரிசையில் எந்த வீட்டிலும் இல்லை, உண்மைதான். ஆனால் பட்டறை வாசல் காவலருக்கு இருந்தது. காவலர் ஒரு நடை போய்ச் சொல்லியிருக்கலாம். வழி இருந்தது. மனம்தான் இல்லை.

உத்திரத்தன்று பால்குடங்கள் ஒவ்வொன்றாகப் போக, நான் முருகனிடம் முறையிட்டேன். ஈஸ்டர் அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயமில்லை. ஆனாலும் கொடியில் சேவல் வைத்திருப்பவருக்குப் புரியும் என்று நம்பினேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை வீடு வந்து சேர்ந்தோம். பெட்டி இறங்குவதற்குள் நான் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் இருந்தேன். கறுப்பி இருந்தது. செவலை இருந்தது. மொட்டைக் கழுத்தி வாழையடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது, நான் விட்டுப் போனதைவிடக் கொழுத்து. தூக்கிப் பார்த்தேன். சிறகைப் பிரித்துப் பார்த்தேன். காலைப் பிடித்துப் பார்த்தேன். ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெறும்போது சரிபார்ப்பது முறை. பெரியம்மா வாசற்படியில் நின்று நான் செய்வதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். அம்மா, பேச்சுக்கு ஏதாவது கேட்கவேண்டுமே என்று, "ஈஸ்டரெல்லாம் நல்லா நடந்துச்சாக்கா?" என்றாள்.

பதில் சொன்னது பெரியம்மாவின் வீட்டுக்காரர், பெரியப்பா. "நடந்துச்சு நடந்துச்சு. ஜொகூர்லேருந்து எங்க அக்கா, அத்தான், பிள்ளைங்க எல்லாம் வந்தாங்க. நாப்பது நாளு மீனத் தின்னுட்டு வந்த அத்தானுக்கு இவ மறுபடியும் மீன்கொழம்பு ஊத்துனா. மனுசன் சட்டிய ரெண்டு தடவ கிண்டிப் பாத்தாரு. எங்க அக்கா போறப்ப வாசல்லயே சொல்லிட்டுத்தான் போச்சு, இந்த வீட்டுல எங்களுக்கு ஒரு கோழிக்குக்கூட வக்கில்லையான்னு."

"ஐயோ, ஏன்க்கா?"

பெரியம்மா என்னைக் காட்டினார். "தம்பிகிட்ட சொல்லிட்டேன்ல, நீங்க வர்ற வரைக்கும் வெட்ட மாட்டோம்னு."

எனக்கு அளவில்லாத பெருமை. என் ஏற்பாடு நான் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக வேலை செய்திருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், பாராட்டுவாள் என்று. அவள் முகம் ஏன் அப்படிச் சிவந்திருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் மாமா வந்தார், ஊர்ப் பலகாரம் கேட்டு. அம்மா அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். எனக்கு முதலில் கேட்டது மாமாவின் குரல்தான். "நாளைக்குத் தேக்கா பாசார்லேருந்து ஒன்னு வாங்கியாறேன், அக்கா."

"நாளைக்கு வாணாம். இன்னிக்கே குடுக்கணும். முட்டை கம்மியா போடுறது எதுடா?"

எதையும் விசாரிக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கடைக்குத் தேங்காய் வாங்க அனுப்பினார்கள். அந்தத் தேங்காய் எதற்கு என்று நான் திரும்பி வந்தபோது தெரிந்தது. உடும்பு, மாமா, ஈஸ்டர் மூன்றுக்கும் தப்பிய மொட்டைக் கழுத்தி, சொந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே என் அம்மாவின் அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் துண்டுகளாகக் கிடந்தது. நான் தரையில் உருண்டேன். அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மாமா மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொல்லிப் பாத்தேன்டா" என்றார். உண்மைதான். சொன்னவருக்குத்தான் இராத்திரி தொடைத் துண்டு கிடைத்தது.

இவை எல்லாவற்றையும் மன்னிக்கலாம். குழம்புச் சட்டியை என் கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாளே அம்மா, அதைத்தான் நான் இன்றும் மன்னிக்கவில்லை.

பெரியம்மா சட்டியை வாங்கினார். "எதுக்குடா தம்பி இதெல்லாம்?"

"ஈஸ்டருக்காம்."

"வாசனை தூக்குது. தேக்காவுல வாங்குனாங்களா?"

"இல்ல. மொட்டைக் கழுத்தி."

மூடியைத் திறக்கப்போன கை அப்படியே மூடிமேல் இருந்தது. திறக்காமலே வீட்டுக்குள் திரும்பிப் பெரியப்பாவைக் கூப்பிட்டுச் சட்டியை அவரிடம் கொடுத்தார். என் தலையைத் தடவ வந்தார். நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

அன்றிரவு எங்கள் வீட்டில் தோசை. நான் குழம்பு மட்டும்தான் தொட்டுக்கொண்டேன், துண்டு எடுக்கவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலையில் சட்டி கழுவித் திரும்பி வந்தது, வெறுமையாக அனுப்பக்கூடாதென்று உள்ளே கொஞ்சம் அரிசியுடன். கொண்டுவந்த பெரியப்பா அம்மாவிடம், குழம்பு பிரமாதம், பிள்ளைகள் வழித்து நக்கிவிட்டார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவதான் தொடலம்மா. ரசத்த ஊத்திக்கிட்டு எந்திரிச்சிட்டா" என்றார். அம்மா சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்காகத்தானே வெட்டினார்கள்? அவரே சாப்பிடவில்லை என்றால் என் கோழி யாருக்காகச் செத்தது? இதில் எங்கோ ஒரு தவறு நடந்திருக்கிறது, யாரோ ஒருவருக்கு விதி சரியாகத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. நேரே கொல்லைக்குப் போனேன். பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எங்கள் பக்கம் இருந்த கறுப்பிக்கும் செவலைக்கும் நொய் வீசிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, தவக்காலம் முடிஞ்சிருச்சு. நாங்களும் வந்துட்டோம். நீங்க சொன்ன சத்தியம் நேத்தோட முடிஞ்சிருச்சு. இனிமே நீங்க கோழி சாப்பிடலாம்."

அவர் கையில் இருந்த நொய்யைப் பார்த்தார். மொட்டைக் கழுத்தி வழக்கமாக வந்து நிற்கிற வாழையடியைப் பார்த்தார்.

"அப்படியாடா தம்பி? சரி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நொய் வீசத் தொடங்கினார்.

இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்லியும் ஒரு பெரிய மனுஷிக்கு விளங்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாரம் தவறாமல் பூசைக்குப் போகிறவருக்குத் தன் மதத்தின் விதியே தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.