மச்சானின் பச்சைப் படம்

என் வலது கண்ணின் விழித்திரையில் நீர் கோத்திருந்தது. நீரிழிவு எனும் சீனி வருத்தம் தந்த சீதனம். பத்திரிகை வரிகள் வளைந்து தெரிந்தன. நீர் வற்றாவிட்டால் அந்தக் கண்ணால் வாசிக்க முடியாமல் போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கண்ணுக்குள் ஊசி போடுவார்கள்; பிறகு ஸ்கேன் எடுத்து நீர் வடிந்ததா என்று பார்ப்பார்கள்; வடியாவிட்டால் மறுபடியும் ஊசி.

மனைவியின் தம்பிக்கும் இடது கண்ணில் இதே நோய். வரிப்பத்தான்சேனையில் வயல் செய்பவர். நான் குரக்கன் ரொட்டியோடு மல்லுக்கட்டும்போது என் மேசையிலேயே இருந்து இனிப்பு வட்டலப்பத்தை வழித்துத் தின்பார். மேலும் மேலும் வைப்பது அவருடைய ராத்தாவான என் மனைவி. விதைப்பு, அறுவடை என்று எத்தனையோ கிளினிக்கைத் தவறவிட்டவர். நானோ ஓய்வு பெற்ற நிர்வாக உத்தியோகத்தன். ஒரு தவணையும் தவறியதில்லை.

அன்று கல்முனை ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஸ்கேன். வரிசையில் இருந்தவர்களுக்கு ஸ்கேன் கருவியில் நாடியை எங்கே வைப்பது, நெற்றியை எப்படி முட்டுவது, இமைக்காமல் எந்த வெளிச்சத்தைப் பார்ப்பது என்று வகுப்பெடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நர்ஸ் மிஸ் வாயை மூடச் சொல்லும்வரை எடுத்தேன்.

படங்கள் கைக்கு வந்தன. கண்மணியை விரிக்க விட்ட மருந்தில் எழுத்து மங்கியது, நிறம் மட்டும் தெரிந்தது. என்னுடையதில் நடுவே சிவப்பு. அதாவது வீக்கம். அவருடையதில் பச்சையும் நீலமும்தான்.

"மச்சான், நம்மட படம் வயல் மாதிரி பச்சப் பசேலெண்டு கெடக்கு. நல்லம்தானே?"

"நல்லம்தான்." அந்தச் சொல்லை வெளியே தள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"ஒங்கடதுல கொச்சிக்காத்தூள் கொட்டின மாதிரி இரிக்கி. வட்டலப்பம் திண்டு பாருங்களன், வத்திரும்!"

"வாய மூடிட்டு இரிங்க மச்சான்."

டொக்டரிடம் சேர்ந்தே போனோம். எங்கள் குடும்பத்தில் யார் கிளினிக் போனாலும் கதைப்பதற்கு நான்தான். டொக்டர் அவருடைய படத்தைப் பார்த்து, "இனி ஊசி தேவையில்லை" என்றார். மச்சான் என் முழங்காலில் தட்டினார். எனக்குப் பற்றி எரிந்தது.

"டொக்டர், நான் எல்லாத்தையும் ஒழுங்காச் செய்றன். இவர் ஒண்டும் செய்யல்ல. இவருக்கு மட்டும் எப்படி வத்தின?"

டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். என் விழித்திரையில் கறுப்புக் குழிகள், அதுதான் நீர். ஆனால் அடுக்குகள் கலையாமல் இருந்தன. மச்சானுடையதில் குழிகள் இல்லை. அடுக்குகளே மெலிந்து போயிருந்தன. நீர் நெடுங்காலம் நின்றதில் பார்வை தரும் இழைகள் அழிந்துவிட்டன, ஊசி போட்டுக் காப்பாற்ற அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை என்றார். எனக்கு அன்றே அடுத்த ஊசி.

வெளியே வந்ததும் மச்சான் தன் படத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"வெள்ளம் நிண்டு பயிர் அழுகிட்டு. மறுகா வடிச்சு என்ன மச்சான்?" என்றார். "ராத்தாட்ட செல்லிராதீங்க."

மனைவியின் அழைப்பு வந்தது. "தம்பிக்கு என்னயாம்?"

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊசி தேவல்லயாம்."

"அல்ஹம்துலில்லாஹ்! அவன் குடுத்து வெச்சவன். ஒங்களுக்கு?"

"எனக்கு இன்னும் ஒண்டு."

"ஓம், அவனப் போல கவலயில்லாம இரிந்தாத்தானே! எந்த நேரமும் சட்டம் கதச்சா வருத்தம் எங்க மாறும்?"

ஊசி அறையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மச்சான் கையை நீட்டி என் கண்ணாடியையும் தொலைபேசியையும் வாங்கிக்கொண்டார். அவள் இன்னும் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.