மூட்டத்தில் முளைத்த சூரியன்

தான் தீட்டும் கடல் படத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்து, முதுகு ஃபிரிட்ஜில் இடித்ததும் நிற்கிறாள். அடுப்படி அவ்வளவுதான் நீளம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "இன்னும் ஈரம் பத்தல," என்று கடலையே குறை சொல்கிறாள்.

பகலில் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும் உத்தியோகம். மாலையில் எண்ணெய் வண்ணத்தில் கடல். அலை, படகு, பறவை எதுவும் கிடையாது. சாம்பலும் வெள்ளையுமாய் வெறும் மூட்டம். ஆளிவிதை எண்ணெயில் இளக்கிய வண்ணத்தை மெல்லிய படலமாகப் பூசி, சவரத் தூரிகையால் நீவிவிடுவாள். அது காய ஒரு வாரம். பிறகுதான் அடுத்த படலம். "அது என்னோட பிரஷ்ஷு!" என்று முறையிட்ட கணவர் இப்போது தாடி வளர்க்கிறார்.

இந்தக் கடலை எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, மழை வந்துவிட்டதென்று கொடியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு ஓடினாள். பூனைக்கு மூன்று நாள் ஜலதோஷம். நம்பாதவர்கள் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஏழு படலம், ஏழு வாரம். பல் மருத்துவரான தம்பி, "என் கிளினிக்ல மாட்டுறேன்க்கா," என்று கெஞ்சி வாங்கிப் போனான். பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனவள், நோயாளிகள் காத்திருக்கும் அறையின் வாசலிலேயே நின்றுவிட்டாள். மூட்டத்தின் நடுவே முட்டைக் கருப் போல ஒரு சூரியன். அதன் கீழே, கழற்றிவிட்ட செருப்பாட்டம் ஒரு படகு.

"எவன்டா இதச் செஞ்சது?"

"நான்தான்க்கா, நேத்து சாயங்காலம். படத்தப் பாத்தா அழுகையா வருதுன்னு பேஷண்டுங்க சொன்னாங்க. உன் வீட்டுல கெடந்த பெயிண்ட் டியூபுல இருந்துதான் கொஞ்சம் எடுத்தேன்."

"நான் என்னிக்காவது உன் பேஷண்டு வாய்க்குள்ள, பாக்க நல்லாருக்கட்டும்னு ஒரு பல்ல நட்டு வெச்சேனா?"

கன்னம் வீங்கிய ஒருவர் சிரிக்கப் போய், "அம்மா!" என்று தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சூரியன்தானேக்கா..."

"கடல் எங்க முடியுது, வானம் எங்க தொடங்குதுன்னு தெரியக் கூடாதுன்னு ஏழு வாரம் உசுர விட்டேன்டா. நீ அங்க படகு விட்டிருக்கே!"

அவளுடைய படலங்கள் இறுகக் காய்ந்திருந்தன. அவன் பூசியது இன்னும் பிசுபிசுத்தது. உள்ளே போய்த் தட்டிலிருந்த பஞ்சை அள்ளி வந்தாள். இரண்டே இழுப்பில் படகு போயிற்று. சூரியனும் கரைந்தது. ஓரத்தில் இத்தனூண்டு மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் கை நின்றது. தம்பியைத் திட்டுவதை ஒரு நொடியும் நிறுத்தாமல், பஞ்சின் சுத்தமான நுனியால் அந்த மஞ்சளை மெல்ல மெல்ல மூட்டத்துக்குள் நீவிவிட்டாள்.