வெள்ளிக்கிழமைக் கீரை

போன வாரம் கல்லூரியில் ஒரு வாக்கியத்தைக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். கிராமத்துப் பெண்களின் ரத்தசோகைக்கு முதல் காரணம் அறியாமை. உணவியல் படிக்க வந்தவள் நான், இதையெல்லாம் மளமளவென்று எழுதிக்கொள்கிறவள். ‘அறியாமை’ வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என்னடி என்றாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லையாவது, எனக்கு வயிறு எரிந்தது. யாருடைய அறியாமை என்று எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் புதிதுமில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே அதில் தேறிவிட்டேன்.

வில்லியனூர் கடைத்தெருவில் எங்கள் பெரியப்பாவுக்கு நாட்டு மருந்துக் கடை. முன்னால் கடை, பின்னால் நாங்கள் எல்லாரும் சேர்ந்திருந்த வீடு, அதற்கும் பின்னால் தோட்டம். பெரியப்பா வைத்தியர் இல்லை, மருந்து விற்கிறவர். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் வைத்தியரே என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் மறுத்ததில்லை. சுக்கு வாங்க வந்தவனை நாக்கை நீட்டச் சொல்வார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தினமும் சாயங்காலம் வந்து தன் மலச்சிக்கலைப் பற்றி அரைமணி நேரம் பேசாமல் வீடு திரும்பமாட்டார். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே, ஒரு வாய்ச் சோற்றை முப்பத்திரண்டு தடவை மெல்லு, தவிடு போகாத அரிசியைச் சாப்பிடு, வெள்ளைச் சர்க்கரையை வீட்டுக்குள் விடாதே, வாரத்தில் ஒரு வேளை வயிற்றைச் சும்மா போடு. இப்படிப் பெரியப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். இதில் பாதி இன்றைக்கு என் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அவர் சொன்னதில் பொய் குறைவு. அதுதான் எனக்கு ஆத்திரமே.

அவருடைய முதல் சிஷ்யை நான். பள்ளிக்கூடத்தில் யாராவது தும்மினால் துளசியும் மிளகும் என்பேன். மதியச் சாப்பாட்டில் மற்ற பெண்களின் வாயைப் பார்த்து மெல்லுவதை எண்ணுவேன். நாளடைவில் ஒருத்தியும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. பெரிய காரியம் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் மருந்து இடிக்க ஒதியம்பட்டிலிருந்து ஒரு அக்கா நடந்து வருவாள். வீட்டில் அவளை ‘இடிக்கிறவ’ என்றுதான் சொல்வார்கள். நான் மட்டும் அக்கா என்பேன். கடுக்காயையும் நெல்லி வற்றலையும் கல்லுரலில் போட்டு இடித்து மெல்லிய துணியில் சலிப்பாள். சாயங்காலம் பார்த்தால் புருவமெல்லாம் மருந்துத் தூள் அப்பியிருக்கும். ஊரில் யாருக்குப் பசி எடுத்ததோ, யாருக்குத் தெம்பு வந்ததோ, எல்லாம் அவள் இடித்த தூளில்தான். அவளுடைய நகங்கள் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இருந்தன.

அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். முந்தின குழந்தை பிறந்த அன்றே இறந்துவிட்டது. உடம்பில் ரத்தமில்லை, இந்தத் தடவை கவனமாக இரு என்று சொல்லி ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு பொட்டலம் சிவப்பு மாத்திரை கொடுத்திருந்தாள். இந்தக் குழந்தையாவது தங்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மாத்திரையைப் போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, போடலாமா வேண்டாமா என்று பெரியப்பாவைக் கேட்க முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். தோட்டத்தில் வைத்துக் கேட்டிருக்கலாம். கடையில் நான்கு பேர் இருக்கும்போது கேட்டுவிட்டாள்.

பெரியப்பா ஒரு மாத்திரையை எடுத்து மூக்கருகே பிடித்தார்.

“இது இன்னா தெரியுமா? இரும்புத் துரு. ஆணியத் தின்னு புள்ள பெத்துக்கப் போறியா?”

கடையே சிரித்தது. குமாஸ்தா தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பொட்டலத்தைப் பெரியப்பா தெருச் சாக்கடையில் வீசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, வைத்தியம் சொன்னார். முருங்கைக்கீரை. தினம் இரண்டு கைப்பிடி, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு வதக்கி, கேழ்வரகுக் களியோடு. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள்.

“நடுவுல ஒரு நாள் வுட்டியோ, மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும். கீரைக்கு எங்கியும் அலைய வாணாம். நம்ம தோட்டத்து மரத்துல பறிச்சிக்கோ.”

கடையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் எனக்குப் பெருமையால் காது சூடாகிவிட்டது. இப்போது ஒன்று சொல்கிறேன். அவர் தலைக்கு மேலே தட்டில் ஒரு கண்ணாடிக் குப்பியில் அயச்செந்தூரம் இருந்தது. இரும்பைப் புடம் போட்டு எடுக்கிற சிவப்புப் பொடி. ரத்தம் ஊறுவதற்கென்றே பெரிய வீட்டுப் பெண்களுக்குத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்லிக் கொடுப்பார். அந்தக் குப்பியில் இருந்ததும் அவர் சொன்ன ஆணிதான்.

கடையில் சொன்னது ஒன்று, வீட்டுக்குள் நடந்தது ஒன்று. மரத்தில் அவள் கை வைக்கக் கூடாது, பாப்பா பறித்துக் கொடுக்கட்டும் என்று என்னைக் காட்டிப் பெரியம்மா சொல்லிவிட்டாள். அதிலும் வெள்ளிக்கிழமை கிடையாது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதைக் கொடுத்தாலும் அதோடு லட்சுமியும் போய்விடுவாள். முன்பக்கம் கடையில் வெள்ளிக்கிழமை முழுக்க வியாபாரம் நடக்கும், மூட்டை மூட்டையாகச் சாமான் வாசலைத் தாண்டும். விலைக்குப் போனால் லட்சுமி வருகிறாள், சும்மா போனால் போய்விடுகிறாள். எங்கள் வீட்டில் இது யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றியதில்லை.

அதனால் வியாழக்கிழமைகளில் இரண்டு நாளுக்கும் சேர்த்துப் பறித்துக் கொடுத்தேன். அக்கா ஈரத்துணியில் சுற்றி வைத்து மறுநாள் வதக்கிக்கொள்வாள். நான் தொரட்டியை மாட்டிக் கிளையை இழுப்பேன், அவள் மடியை ஏந்துவாள். கிணற்றுச் சுவரில் தினம் ஒரு கரிக்கோடு போடுவேன். நகத்தைக் காட்டச் சொல்லி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். “இன்னா டாக்டரம்மா, செவந்துச்சா?” என்பாள். எனக்கென்னவோ சிவந்த மாதிரிதான் இருக்கும்.

மூன்றாவது வியாழக்கிழமை, மாசியில் வழக்கமில்லாத மழை ஒன்று பெய்தது. காயப்போட்டிருந்த மருந்தெல்லாம் நனைய, வீடே தோட்டத்துக்கு ஓடியது. சாக்கையும் முறத்தையும் அள்ளி உள்ளே போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைய கீரையை மட்டும் அவசரமாக உருவிக் கொடுத்தேன். மறுநாள் வெள்ளி என்பது இருவருக்குமே நினைவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து கைகால் கழுவும்போதுதான் நினைவு வந்தது. பத்தொன்பதாவது நாள். நாளைக்குச் சேர்த்துத் தின்றுவிடுகிறேன் என்றாள் அக்கா. அது செல்லாது என்றேன். ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது. ஒன்றிலிருந்து தொடங்கினால் மண்டலம் முடிவதற்குள்ளேயே பிரசவம் வந்தாலும் வந்துவிடும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

“வெள்ளிக்கிழமை குடுக்கத்தானே கூடாது? நான் குடுக்கல. நீயே எடுத்துக்கோ. எடுத்துக்கினா அது குடுத்தது ஆவாது.”

அவள் மரத்தைப் பார்த்தாள். சமையலறை வாசலைப் பார்த்தாள்.

“வாணாம் பாப்பா. ஒங்க பெரியம்மா பாத்தா வையும்.”

பெரியப்பாவே பறிச்சிக்கோ என்றுதானே சொன்னார் என்று மடக்கினேன். அவள் மேலும் ஒரு தடவை விரல் விட்டு எண்ணினாள். பிறகு மரத்தடிக்குப் போனாள். விதி பிசகக் கூடாதென்று நான் தொரட்டியைக்கூடத் தொடவில்லை. பத்தடி தள்ளி, துவைக்கிற கல்லருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என் மேல் குற்றம் சொல்ல லட்சுமிக்கு இடமே வைக்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு அவள் எட்டி எட்டிக் கிளையை வளைத்தாள்.

விளக்கேற்றிவிட்டுத் தோட்டத்துக்கு வந்த பெரியம்மா பார்த்தது இதைத்தான். மரத்தில் கை வைத்திருக்கிற வேலைக்காரி. தூரத்தில், எதிலும் சேராமல், வீட்டுப் பெண்.

பெரியம்மா பேசியதை எழுத மனமில்லை. அதில் சாதி வந்தது, வயிற்றிலிருந்த குழந்தையும் வந்தது. சத்தம் கேட்டுக் கடையிலிருந்து பெரியப்பா வந்தார், பின்னாலேயே குமாஸ்தா. எனக்கு உயிர் வந்தது. நாற்பத்தெட்டு நாள் விடாதே என்றவர் அவர், மரத்தைக் காட்டியவர் அவர், இதோ சொல்லிவிடப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குமாஸ்தாவைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு மனசு நொந்துபோன பெரிய மனிதர் மாதிரி, மிகவும் சாந்தமாகக் கேட்டார்.

“கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோமா?”

இந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டு தடவை எப்போதோ தாண்டிவிட்டது. இன்னும் செரிக்கவில்லை. மாத்திரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கீரையைக் கொடுத்தவர், அந்தக் கீரையையும் பிடுங்கிக்கொண்டார். அதையும் குரலை உயர்த்தாமல் செய்தார்.

பாப்பாதான் சொன்னது என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நின்ற பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. மடியை அவிழ்த்துக் கீரையைத் துவைக்கிற கல்லின் மேல் கொட்டினாள். சேலையில் ஒட்டியிருந்த இலைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். படலைத் திறந்து வெளியே போய், திரும்பி அதைச் சரியாக மூடிவிட்டுப் போனாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதைப் பெரியம்மா அவள் முதுகைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? பயம், அது பாதி. மறுபாதியை ஒப்புக்கொள்ளக் கூசுகிறது. எனக்கு அக்கா மேல்தான் கோபம். பறித்தது பறித்தாயிற்று, வசவும் வாங்கியாயிற்று, கீரையை எடுத்துக்கொண்டு போயிருந்தால் பத்தொன்பதாவது கோட்டைப் போட்டிருக்கலாமே. இப்படி அரைகுறையாக விட்டுவிட்டாளே என்று அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தேன். அந்தக் கீரையைப் பசுமாட்டுக்குப் போட்டார்கள். மாட்டுக்குக் கொடுத்தால் லட்சுமி போகமாட்டாள் போலிருக்கிறது.

ஒதியம்பட்டில் முருங்கை மரமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மரம் வைத்திருந்தவர்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை உண்டு, அவர்கள் வீட்டிலும் பெரியம்மாக்கள் உண்டு. அக்காவின் குடிசைக்கு முன்னால் ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றுகிற அளவு மண்கூட அவளுடையதில்லை.

மருந்து இடிக்க வேறொருத்தி வந்தாள். மாசி மழையில் அழியாத கரிக்கோடுகளை ஐப்பசி அடைமழை வந்து கழுவும் வரை பதினெட்டு பதினெட்டாகவே இருந்தது.

வைகாசியில் தேர். அன்று கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. வளையல் கடைகளுக்குப் பக்கத்தில் அக்காவைப் பார்த்துவிட்டேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, மூச்சு வாங்க அவள் முன்னால் நின்று, முதல் வார்த்தையாகக் கேட்டேன்.

“நாப்பத்தெட்டும் முடிச்சியாக்கா?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“முடிச்சேன் பாப்பா.”

“ஒரு நாள்கூட வுடலியே?”

“வுடல.”

குனிந்து இரண்டு கைகளாலும் என் கன்னத்தைப் பிடித்தாள். நன்றாகப் படிக்க வேண்டும் என்றாள். கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

நான் குதித்துக்கொண்டு கடைக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன். பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து கடையில் அது ஒரு கதையாயிற்று. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்ட ஒருத்தி இவருடைய முருங்கைக்கீரையில் தேறிய கதை. கேட்கிறவர்கள் நம்பாத மாதிரி இருந்தால் சாட்சிக்கு என்னைக் கூப்பிடுவார். நானும் போய் நின்று, ஆமாம், நானே கேட்டேன், நாற்பத்தெட்டு நாள் என்பேன். அதைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் மாத்திரையைச் சாக்கடையில் போட்டார்களோ, தெரியாது. முருங்கைக்கீரையில் சத்து உண்டு, தினம் சாப்பிடச் சொல்லி இன்றைக்கும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அத்தனை வெளுத்துப்போன ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் உடம்புக்குக் கீரை மட்டும் போதாது. கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். அவளுக்கு நாங்கள் இரண்டையும் இல்லாமல் செய்தோம்.

சித்திரையில் பிறந்த அந்தக் குழந்தை மூன்று நாள்தான் இருந்ததாம். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் பெரியம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். சொல்லிவிட்டு, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

தேர் அன்று நான் பார்த்தபோது அந்தக் குழந்தையைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தால் அதிகம். நான் கீரையைப் பற்றிக் கேட்டேன். குழந்தை என்ன குழந்தை என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. தூக்கிக்கொள்ள ஒன்றும் இல்லாததால்தான் அந்த இரண்டு கைகளும் என் கன்னத்துக்கு வந்தன என்பதும் தெரியவில்லை. இந்த வெயிலில் அக்காவின் கை மட்டும் எப்படி இவ்வளவு சில்லென்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கடைக்கு ஓடினேன்.