எண்ணெய் டின் விமானம்

வெயிலுமுத்து தன் மதினி முப்பிடாதியம்மாளுக்கு அறுபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். தாராவியில் அவருடைய தகரப் பட்டறை மூடிவிடக் கூடாதென்று ரெட்டைவடச் செயினை அடகு வைத்து அந்தம்மா கொடுத்த பணம். இன்று அடகுக்கடை மூடுவதற்குள் மீட்காவிட்டால் செயின் ஏலத்துக்குப் போய்விடும்.

பணம் வரவேண்டியது ஒரு விமானத்திலிருந்து. சினிமாவுக்காக ஆள் உட்காரும் அளவில் செய்த பொம்மை விமானம். கதைப்படி அதன் பேர் ‘வல்லூறு’. முன்னால் இருப்பவன் ஓட்டுவான். பின்னால் இருப்பவன் எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று வேவு பார்ப்பான். கண்ணில் பட்டால் இறக்கைக்கடியில் தொங்கும் துப்பாக்கி பேசும். ஐந்தாம் கிளாஸ் தாண்டாத வெயிலுமுத்து வெறும் படத்தைப் பார்த்தே அதை அச்சு அசலாக நிறுத்திவிட்டார். பம்பாயில் வேறு எவனுக்கு வரும் அந்தக் கை? நிஜ விமானமே பக்கத்தில் நிற்கக் கூசும்!

ஷூட்டிங் நடந்த செம்பூர் மைதானத்தில் கேமராக்காரர் பின் சீட்டுக்குள் தலையை விட்டவர், அதே வேகத்தில் வெளியே எடுத்தார்.

“யே க்யா ஹை?” என்னது இதுவென்று இந்தியில் கத்தினார்.

உள்ளே முழுக்க சூரியகாந்திப் பூ. பழைய எண்ணெய் டின்னைத் தட்டி எது செய்தாலும் அச்சடித்த பக்கத்தை உள்ளே மறைப்பதுதான் பட்டறைப் பழக்கம். உள்ளேயிருந்தும் படம் எடுப்பார்கள் என்று யார் கண்டது?

“அண்ணாச்சி, கவுத்திட்டீங்களே!” செட் வேலை பார்க்கும் ராஜகுமார் தலையில் கை வைத்தான். “வெளிச்சம் போறதுக்குள்ள எடுக்கலன்னா உங்களுக்குப் பைசா கிடையாது.”

வெயிலுமுத்து மிடுக்கை விடவில்லை. பை தைக்கும் பட்டறையில் இருந்த மகள் இசக்கிசெல்விக்குப் போன் போட்டார்.

“ஏளா, கறுப்பு ரெக்சினும் பசையும் எடுத்துக்கிட்டு டாக்சி பிடி!”

“எதுக்குப்பா?”

“விமானத்துக்குச் சட்டை போடணும்.”

அவள் வந்ததும் விமானத்தின் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்து ஒட்டினார். பசை நாற்றம் கண்ணைக் கரித்தது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டே போனது. கடைசிப் பூவும் மறைந்ததும் கேமராக்காரர் எட்டிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

“இறங்குங்க அண்ணாச்சி. பேமெண்ட் அடுத்த வாரம்” என்றான் ராஜகுமார்.

வெயிலுமுத்து வேவு பார்ப்பவன் சீட்டில் சம்மணம் போட்டார். “அப்ப அடுத்த வாரமே இறங்குதேன்.”

“ஹீரோ நிக்கிறார்!”

“அவரையும் அடுத்த வாரம் வரச் சொல்லும்.”

இரண்டு பேர் இழுக்க வந்தார்கள். “இழுங்கடே! பசை காயல. ரெக்சின் என்கூடவே வந்துரும்.”

வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வெயில் மரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் ஷூட்டிங்கும் இல்லை, செயினும் இல்லை. வெயிலுமுத்துவின் முகம் மட்டும் மகாராஜா மாதிரி இருந்தது. கடைசியில் கம்பெனி மேனேஜர் திட்டிக்கொண்டே பணக்கட்டோடு வந்தார்.

தாராவியில் அடகுக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் அதை மேலும் இறங்கவிடாமல் பிடித்தபடி முப்பிடாதியம்மாள்.

“கொழுந்தனாரே, பிளேன் செஞ்சவரு அதுலயே வந்திருக்கலாம்லா?”

“சயான் ரோட்டுல அதை நிறுத்த இடமில்ல மதினி. கையை நீட்டுங்க.”

கடைக்காரர் செயினை எடுத்து வர, மதினியின் விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார்.